லிட்டருக்கு நாற்பது

வேதாரண்யம் துயிலகத்தில் முப்பத்தேழு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவதாக யாராவது வந்தால் இடமில்லை என்று சொல்லி அனுப்புவது மதிவாணனின் வேலை. பணி ஆணையில் ‘கரைசல் அலுவலர்’ என்றுதான் போட்டிருந்தார்கள். ஆளைத் திருப்பி அனுப்புவதும் அதில் அடக்கம் என்பது சேர்ந்து நாலு மாதம் கழித்துத்தான் அவருக்கே தெரிந்தது.

அங்கே தூங்குகிறவர்கள் யாரும் சுகத்துக்காகத் தூங்க வந்தவர்கள் இல்லை. இன்றைக்கு மருந்தில்லாத நோய்க்கு நாளைக்கு மருந்து வரலாம். அதுவரை உடம்பைக் கெடாமல் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குத்தான் சயனின் என்கிற உப்பு. குளிர்ந்த தண்ணீரில் லிட்டருக்கு நாற்பது கிராம் சயனின் கரைத்து அதில் ஆளைப் படுக்கவைத்தால் உடம்பின் எல்லா வேலையும் அப்படியே நின்றுவிடும். நகம்கூட வளராது. மருந்து வந்த பிறகு உப்பைக் கழுவி எடுத்தால் ஆள் எழுந்து உட்கார்ந்து குடிக்கத் தண்ணீர் கேட்பார். அப்படி எழுந்து வீட்டுக்குப் போனவர்கள் இதுவரை பதினோரு பேர். அதில் ஒருவர், தான் தூங்கிய ஆறு வருஷத்தில் தம்பி காம்பவுண்டுச் சுவரைத் தள்ளிக் கட்டிவிட்டான் என்று தெரிந்ததும் நேரே வக்கீலைப் பார்க்கப் போனார். ஆளுக்கு முழுசாக உயிர் வந்துவிட்டது என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்!

நாற்பது என்றால் கறாரான நாற்பது. நாற்பத்தைந்து வரை ஏறினாலும் பாதகமில்லை. நாற்பதுக்குக் கீழே இறங்கினால்தான் வினை. மற்ற உறுப்பெல்லாம் தூங்கிக்கொண்டிருக்க, சிறுநீரகம் மட்டும் பாதியில் விழித்துக்கொள்ளும். விழித்தது தனியாக என்ன செய்யும்? ஒரு வாரத்துக்குள் ஆளையே முடித்துவிடும். ஆரம்ப நாட்களில் எங்கோ ஒரு துயிலகத்தில் முப்பத்தொன்பதரையில் ஒன்பது பேர் போனார்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த ஒன்பது பேரின் பெயரும் மதிவாணனுக்கு மனப்பாடம்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஜெசிமா வந்தாள். தோப்புத்துறைக்காரி. சக்கர நாற்காலியில் அவள் மகள் அஃப்ரா, ஒன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாகச் செயலற்றுப்போகிற நோய். கால் போய், கை போய், இப்போது மூச்சு விடுகிற தசைக்கு வந்து நின்றது. இன்னும் ஆறு வாரம் தாங்கலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார். மூன்று வருஷத்தில் மருந்து வந்துவிடும் என்றும் அதே சீட்டில் எழுதியிருந்தார்.

“இடமில்லைம்மா,” என்றார் மதிவாணன்.

“இவ்ளோ பெரிய கட்டடத்துல ஒரு சின்னப் புள்ளைக்கு இடமில்லையா சார்? அந்தா பாருங்க, அந்தச் சின்னத் தொட்டில் பாலிதீன்கூடப் பிரிக்காம நிக்குது.”

அந்தக் கண்ணாடிப் படுக்கைகளை எல்லாரும் தொட்டில் என்றுதான் சொல்வார்கள். பெரியவர்களுக்குப் பெரிய தொட்டில், பிள்ளைகளுக்குச் சின்னது. பிள்ளை யாரும் இதுவரை வராததால் சின்னத் தொட்டில் உறை பிரிக்காமல் மூலையில் நின்றது.

“தொட்டில் இருக்கும்மா. உப்புதான் இல்ல. பெரிய தொட்டியிலேர்ந்து எல்லாத் தொட்டிலுக்கும் ஒரே கரைசல்தான் சுத்தி வருது. மொத்தம் பன்னிரண்டாயிரம் லிட்டர். உங்க புள்ளையப் படுக்க வைக்கணும்னா அந்தத் தொட்டிலுக்கு இருநூத்தி இருபது லிட்டர் ஊத்தணும். அவ உடம்புல இருக்குற தண்ணி ஒரு பதினஞ்சு லிட்டர், அதுவும் கரைசலோட கலந்துரும். ஆகமொத்தம் இருநூத்தி முப்பத்தஞ்சு லிட்டர் கூடுது. உப்பு கூடல. இருக்குற உப்பு அத்தனை தண்ணிக்கும் பரவணும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் எளிதாகச் சொல்லப் பார்த்தார். “திடீர்னு விருந்தாளி வந்தா ரசத்துல தண்ணி ஊத்துற மாதிரி.”

“எங்க வீட்டுலயும் ஊத்துவோம் சார். யாரும் செத்துப் போகல.”

மதிவாணன் தாளை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மக்கள் வாய்ப்பேச்சை நம்பாவிட்டாலும் தாளில் போட்ட கணக்கை நம்புவார்கள் என்று அவருக்கு ஒரு நினைப்பு. பன்னிரண்டாயிரம் லிட்டர், லிட்டருக்கு நாற்பது கிராம், ஆக நானூற்று எண்பது கிலோ உப்பு. அதைப் பன்னிரண்டாயிரத்து இருநூற்று முப்பத்தைந்தால் வகுத்தால் முப்பத்தொன்பதே கால்கூட வரவில்லை.

நாற்காலியில் இருந்த பெண் எட்டிப் பார்த்தாள். கழுத்தைத் திருப்புவதற்கே அவளுக்கு நேரம் பிடித்தது. “உம்மா, முப்பத்தொம்பதும் நாப்பதும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு?” என்று கேட்டாள்.

மதிவாணன் கணக்குத் தாளை மடித்தார். புது உப்பு கப்பலில் வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. உலகத்திலேயே ஒரே ஒரு தொழிற்சாலைதான் சயனின் செய்தது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் இந்தப் பக்கம் அனுப்பியது. ஏழு மாதம் என்று சொல்ல வாயெடுத்தவர், சீட்டில் இருந்த ஆறு வாரத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஜெசிமா எழுந்துகொள்ளவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, நாளைக்கும் வருவேன் என்று சொல்லிப் போனாள்.

இத்தனையையும் அடுத்த மேஜையிலிருந்து மங்கையர்க்கரசி கேட்டுக்கொண்டிருந்தார்.

அரசியம்மா துயிலகத்தின் நிறுவையாளர். உப்பை நிறுத்துக் கரைப்பது, தொட்டிலை நிரப்புவது, கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன்னால் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடையில் பன்னிரண்டு வருஷம் தராசில் நின்றவர். மனக்கணக்கில் சூரர். மதிவாணன் கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, ‘நீங்க வேணா ஒருதரம் பாத்துக்குங்க சார்’ என்று பெரிய மனதோடு சொல்வார். மூன்று வருஷத்தில் அவர் சொன்ன விடை ஒன்றுகூடத் தவறியதில்லை. முதல் ஆறு மாதம் மதிவாணன் விடாமல் சரிபார்த்தார். பிறகு வெட்கப்பட்டு விட்டுவிட்டார்.

இதே மேஜைக்கு எதிரே, பதினோரு மாதத்துக்கு முன்னால், அரசியம்மாவே மனுவோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கணவர் தியாகேசனுக்கு நுரையீரல் கல்லாகிக்கொண்டிருந்தது. பெரிய தொட்டில், உடம்புத் தண்ணீர் எல்லாம் சேர்த்து முன்னூற்று இருபது லிட்டர் கூடும். கரைசலில் உப்பை அளக்கிற மீட்டர் அன்றைக்கும் நாற்பதில்தான் நின்றது. மதிவாணன் கணக்கைப் போடுமுன்பே அரசியம்மா, “முப்பத்தொம்பதுக்குக் கீழ போயிடும் சார்,” என்று சொல்லி மனுவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். சட்டப்படி மனுவில் ‘நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் அவரே ஞாபகப்படுத்தி நீட்டினார். தியாகேசன் ஐந்து வாரம் இருந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாளே அரசியம்மா வேலைக்கு வந்துவிட்டார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததுதான் மதிவாணனைக் கொன்றது. ஒரு நாளாவது திட்டியிருக்கலாம் என்று அவர் நினைத்துக்கொள்வார்.

ஜெசிமா போன பிறகு மதிவாணன் மீட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து முறைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சார், முறைச்சா ஏறிடுமா?” என்றார் அரசியம்மா.

“எங்கயாவது பத்து கிலோ கண்ணுக்குத் தப்பிப் போயிருக்காதான்னு பாக்குறேன்.”

“மீட்டர் சொல்றதைத்தானே நாம சொல்றோம். அதுக்கு நிஜமாவே தெரியுமா?”

“திங்கக்கிழமைதோறும் நாப்பது கிராம் கரைச்ச அளவுப் பாட்டில்ல முக்கித் திருத்துறோமே அரசியம்மா. ஆய்வாளர் போன மாசம் வந்து பாத்துட்டுப் போனார்.”

ஆய்வாளர் பார்த்த லட்சணம் இருவருக்கும் தெரியும். பாட்டிலில் மீட்டரை முக்குவார். பாட்டிலின் மேல் ‘நாற்பது’ என்று ஒட்டியிருக்கும். மீட்டரும் நாற்பது காட்டும். மீட்டர் சரி என்பதற்குப் பாட்டில் சாட்சி, பாட்டில் சரி என்பதற்கு மீட்டர் சாட்சி. இரண்டுக்கும் சேர்த்து ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.

அரசியம்மா மீட்டரைத் தன் பக்கம் திருப்பினார். பிறகு சொன்னார். “இந்த ஊர் உப்பளத்துல உப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்க மீட்டரா வச்சிருக்காங்க? தண்ணிய வத்த விட்டா மிச்சம் கிடக்குறது உப்பு. அள்ளி நிறுத்தாத் தெரிஞ்சிடப் போவுது. தொட்டித் தண்ணியில நூறு மில்லி எடுத்துக் காய்ச்சுவோம். நாலு கிராம் கிடைச்சா மீட்டர் சொல்றது சரி. கூடக் கிடைச்சா அந்தப் புள்ளைக்கு யோகம்.”

இப்படி ஒரு யோசனை தனக்கு ஏன் தோன்றவில்லை என்று மதிவாணனுக்குக் கூச்சமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் செய்த சோதனை! மீட்டர் என்று ஒன்று கைக்கு வந்த பிறகு அடுப்பு மறந்துபோயிருந்தது.

மறுநாள் காலை மூன்று பீங்கான் கிண்ணங்களில் தலா நூறு மில்லி ஊற்றி மெல்லிய சூட்டில் வைத்தார்கள். உப்பு தெறித்தால் கணக்குக் கெட்டுவிடும். அதனால் அவசரப்பட முடியாது. ஜெசிமா சொன்னபடியே வந்து வாசலில் பெண்ணோடு உட்கார்ந்திருந்தாள். என்ன நடக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நம்பிக்கை கொடுத்துவிட்டுப் பிடுங்குவதைவிடப் பாவம் வேறில்லை என்று மதிவாணன் சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு மூன்று கிண்ணத்திலும் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருந்தது. உலர்த்தி ஆறவிட்டு, ஒவ்வொன்றாக அரசியம்மா தராசில் வைத்து, கிண்ணத்தின் எடையைக் கழித்துச் சொன்னார்.

“நாலு புள்ளி ரெண்டு.”

இரண்டாவது கிண்ணமும் நாலு புள்ளி இரண்டு. மூன்றாவதும் அப்படியே.

மதிவாணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். லிட்டருக்கு நாற்பத்திரண்டு! மீட்டர் இத்தனை நாளாகக் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அப்படியானால் தொட்டியில் இருப்பது நானூற்று எண்பது கிலோ அல்ல, ஐந்நூற்று நாலு கிலோ. அவர் பரபரவென்று வகுக்க ஆரம்பித்தார்.

“பன்னிரண்டாயிரத்து அறுநூறு லிட்டருக்குத் தாங்கும் சார்,” என்றார் அரசியம்மா. “இன்னும் அறுநூறு லிட்டருக்கு இடம் இருக்கு. புள்ளைக்கு இருநூத்தி முப்பத்தஞ்சு போதும்.”

“அரசியம்மா, நீங்க நல்லா இருக்கணும்!” என்றார் மதிவாணன். வாசலுக்கு ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அவர் அலுவலர் ஆயிற்றே. மீட்டர் ஏன் தப்பாகக் காட்டியது என்று தெரியாமல் தொட்டிலைத் திறக்க முடியாது. “பாட்டிலையும் ஒரு கை பாத்துருவோம்.”

அளவுப் பாட்டிலிலிருந்து நூறு மில்லியை அதேபோலக் காய்ச்சினார்கள். அதிலும் நாலு புள்ளி இரண்டு. மீட்டரின் மேல் குற்றமில்லை. நாற்பத்திரண்டு கிராம் இருந்த பாட்டிலைக் காட்டி, இதுதான் நாற்பது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அது பாவம், சொன்னதை நம்பிவிட்டது. போன கப்பல் உப்பைத் தொட்டியில் கொட்டியபோதும் இந்த மீட்டரைப் பார்த்துத்தான் கொட்டினார்கள்.

தொழிற்சாலையிலிருந்து வந்த பழைய அளவுப் பாட்டில் பதினெட்டு மாதத்துக்கு முன் காலியாகிவிட்டது. அந்தச் சமயத்தில்தான் மதிவாணன் அரசியம்மாவிடம், நாற்பது கிராம் நிறுத்து ஒரு லிட்டர் கரைசல் போட்டுக் கொடுங்கள் என்று சொல்லியிருந்தார். எப்படிப் போடுவது என்பதெல்லாம் அரசியம்மாவுக்கு அத்துப்படி. உப்பைக் குடுவையில் போட்டு, கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, பிறகு கழுத்துக் கோடு வரைக்கும் தண்ணீரை நிரப்ப வேண்டும். உப்போடு ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் அளவு கூடிவிடும்.

“அன்னிக்கு எப்படி நிறுத்தீங்க, ஞாபகம் இருக்கா?” என்று மதிவாணன் கேட்டார். குற்றம் கண்டுபிடிக்கிற குரலில் கேட்கவில்லை; நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அரசியம்மா தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “நாப்பது சரியா நிறுத்தேன் சார். அதுல தப்பு இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் ஒரு சிட்டிகை கூடப் போட்டேன்.”

மதிவாணனுக்குப் புரியவில்லை. “ஏன்?”

“கொசுறு சார்.” சொல்லிவிட்டு அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “கடையில பன்னெண்டு வருஷம். முள்ளு நேரா நின்னாலும், அதுக்கு மேல ஒரு சிட்டிகை போடாம பொட்டலத்தை மடிச்சதே இல்ல. கருவேப்பிலை வேணாம்னாலும் ரெண்டு இணுக்கு வச்சு அனுப்புவேன். முதலாளிகூடத் திட்டுவாரு. குறைச்சுக் குடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு ஒரு இது. நீங்க ஒரு லிட்டர் போடுங்கன்னு சொன்னப்ப, யாரோ தூங்குறவங்களுக்கு ஊத்தத்தான்னு நினைச்சேன். உயிரோட இருக்குற மனுஷங்களுக்கு ஊத்துறது, குறைஞ்சிடக் கூடாதேன்னு...”

எதற்கென்று மதிவாணன் சொல்லவில்லை. அதுதான் உண்மை. ‘இது அளவுக்கு, இதை வைத்துத்தான் எல்லாவற்றையும் அளக்கப் போகிறோம்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சிட்டிகை விழுந்திருக்காது. பாட்டிலைத் தொட்டியில் ஊற்றியிருந்தால் இரண்டு கிராம் கடலில் கரைத்த பெருங்காயம். அளவுப் பாட்டிலில் விழுந்ததால்தான் அது பன்னிரண்டாயிரம் லிட்டரையும் பொய்யாக்கிவிட்டது. விதிப்படி அலுவலர் கூட நின்று நிறுவையைப் பார்த்திருக்க வேண்டும். அவர் பார்க்கவில்லை. அரசியம்மா நிறுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

இதெல்லாம் மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு இன்னொன்று உறைத்தது. பதினோரு மாதத்துக்கு முன்பும் இதே பாட்டில்தான். இதே மீட்டர்தான். தொட்டியில் அன்றைக்கும் அறுநூறு லிட்டருக்கு இடம் இருந்திருக்கிறது. தியாகேசனுக்கு முன்னூற்று இருபதே போதும்.

அவர் நிமிர்ந்து அரசியம்மாவைப் பார்க்கப் பயந்தார். மனக்கணக்கில் தன்னைவிட வேகமான ஒரு மனுஷிக்கு அது இந்நேரம் தெரிந்திருக்காதா? முதல் கிண்ணத்தை நிறுத்து நாலு புள்ளி இரண்டு என்று சொன்னபோதே தெரிந்திருக்கும். சொல்லிவிட்டு இரண்டாவது கிண்ணத்தை எடுத்து வைத்தாரே!

“தொட்டிலைக் கழுவி வைக்கட்டுமா சார்?” என்று அரசியம்மா கேட்டார். “புள்ள வாசல்ல எவ்ளோ நேரம் உக்காந்திருக்கும்?”

துயிலகத்து டாக்டரைக் கூப்பிட்டுக் கிண்ணங்களைக் காட்டினார்கள். அவர் தன் கையாலேயே ஒருமுறை காய்ச்சிப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை மதியம் அஃப்ராவைப் படுக்கவைப்பது என்று முடிவாயிற்று. சேதியைச் சொன்னபோது ஜெசிமா அழவில்லை, சிரிக்கவுமில்லை. “அப்ப நேத்து போட்ட கணக்கு?” என்று மட்டும் கேட்டாள்.

“கணக்கு சரிம்மா. அதுல நாங்க போட்ட எண்தான் தப்பு,” என்றார் மதிவாணன்.

சின்னத் தொட்டிலின் உறையை அரசியம்மாதான் பிரித்தார். அதை மூன்று தடவை கழுவி, ஒவ்வொரு இணைப்பையும் கையால் தடவிப் பார்த்து, இருநூற்று இருபது லிட்டரையும் குழாய் முனையிலேயே நின்று நிரப்பினார். இருபது லிட்டருக்கு ஒரு கோடாக ஸ்லேட்டில் போட்டுக்கொண்டே வந்தார்; பதினோரு கோடு. ஜெசிமா மகளின் தலையை வாரிப் பின்னி முடித்த பிறகு, மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் அந்தப் பெண் அரசியம்மாவைக் கூப்பிட்டாள்.

“கனவு வருமா?”

“வராதுடா தங்கம். படுத்த மாதிரி இருக்கும், எழுந்த மாதிரி இருக்கும். நடுவுல ஒண்ணும் இருக்காது.”

“உம்மாவுக்கு மட்டும் மூணு வருஷம் ஆகும்ல?”

“ஆமா. அது அவங்க பாடு. எழுந்ததும் நீ அதுக்கு ஏதாவது வாங்கிக் குடுத்துச் சமாதானம் பண்ணு.”

பெண் சிரித்தாள். கரைசல் அவள் காது வரை ஏறியபோது கண் மூடியிருந்தது. புதிதாகச் செய்த அளவுப் பாட்டிலால் திருத்திய மீட்டர் நாற்பத்தொன்றுக்குச் சற்று மேலே நின்றது. முப்பத்தேழு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவது ஆளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள்.

அன்று மாலை நாலரைக்கு மதிவாணன் அறிக்கை எழுதினார். அளவுப் பாட்டிலில் பிழை நேர்ந்தது, நிறுவையின்போது உடனிருந்து சரிபார்க்க வேண்டிய அலுவலர் அப்படிச் செய்யவில்லை, பொறுப்பு அலுவலருடையது என்று எழுதினார். வேறு யார் பெயரையும் எழுதவில்லை. அந்தப் பாட்டிலைக் கொண்டு பரிசீலித்து நிராகரித்த மனு ஒன்று என்று ஒரு வரியும், அதன் எண்ணும் எழுதினார். அந்த வரியை எழுத முக்கால் மணி நேரம் ஆனது. எழுதி முடித்தபோது, இதை அரசியம்மாவிடம் நேரில் சொல்லாமல் மேலே அனுப்பக்கூடாது என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. உங்கள் கணவரைக் காப்பாற்றியிருக்கலாம், காப்பாற்றாமல் போனதற்கு என் கையெழுத்தும் உங்கள் நல்ல மனசும் காரணம் என்று ஒரு மனிதன் எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அவர் போக வேண்டியிருக்கவில்லை. அரசியம்மாவே கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வீட்டுக்குக் கிளம்புகிற கோலத்தில் வந்தார். மேஜைமேல் இருந்த அறிக்கையை நின்றபடியே படித்தார். மனு எண் வந்த வரியில் அவர் கண் கொஞ்சம் நின்றது.

“இதுல என் பேரைக் காணோமே,” என்றார்.

“நிறுத்தது நீங்க. பாக்க வேண்டியது நான். பாக்கலன்னா என் தப்பு. அரசியம்மா, நான் உங்ககிட்ட...”

“இருங்க சார். நானும் ஒரு கணக்குப் போட்டேன். சரியான்னு பாருங்க.”

கைப்பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து அவர் முன்னால் விரித்தார். அரசியம்மா தாளில் கணக்குப் போட்டு மதிவாணன் பார்த்ததே இல்லை. எழுத்து மளிகைச் சீட்டுப் போல ஒன்றன்கீழ் ஒன்றாக, பெரிது பெரிதாக இருந்தது.

“நமக்கு இருந்த இடம் அறுநூறு லிட்டர். அவரை அன்னிக்குப் படுக்க வச்சிருந்தா முன்னூத்தி இருபது போயிருக்கும். புள்ளைக்கு ஒரு முன்னூத்தி இருபது. மொத்தம் அறுநூத்தி நாப்பது. நாப்பது லிட்டர் இடிக்குது பாருங்க. அஞ்சு லட்சத்து நாலாயிரம் கிராமை அதால வகுத்தா முப்பத்தொம்பதே முக்காலும் சொச்சமும்தான் வருது. நாப்பது வரல.” அவர் விரல் கடைசி வரியில் நின்றது. “அவரு உள்ள இருந்திருந்தா இன்னிக்கு இந்தப் புள்ளையத் திருப்பித்தான் அனுப்பியிருக்கணும். ரெண்டு பேருக்கும் இடம் இருந்திருக்காது சார். ஒருத்தருக்குத்தான்.”

மதிவாணன் மேலிருந்து கீழே படித்தார். கூட்டல் சரி. வகுத்தல் சரி. மனது லேசாகத்தான் இருந்தது முதலில். இப்படி ஒரு வழி இருப்பது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்றுகூட நினைத்தார். பிறகு அவர் கண் இரண்டாவது முன்னூற்று இருபதுக்குத் திரும்பிப் போனது.

முன்னூற்று இருபது பெரிய தொட்டிலின் கணக்கு. பிள்ளைக்கு இருநூற்று முப்பத்தைந்து. இரண்டையும் கூட்டினால் ஐந்நூற்று ஐம்பத்தைந்து. அறுநூறில் இன்னும் நாற்பத்தைந்து லிட்டர் மிச்சம். இரண்டு பேருக்கும் இடம் இருந்தது.

அவர் தலையை நிமிர்த்தினார். பிள்ளைக்கு இருநூற்று முப்பத்தைந்து போதும் என்று நேற்று அவருக்கு முன்னால் சொன்னதே அரசியம்மாதான். சின்னத் தொட்டிலுக்குப் பதினோரு கோடு போட்டு இன்றைக்கு மதியம் நிரப்பியதும் இதே கைதான். அரசியம்மா அவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை விலகவில்லை. மூன்று வருஷத்தில் ஒரு கணக்கும் தவறாத மனுஷி, தவறிய கணக்கைக் கொண்டுவந்து, சரியா என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

மதிவாணன் அந்த உத்தியோகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவர். தப்பான எண்ணைக் கண்டால் அடிக்கோடு போடாமல் அவரால் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகையில் தேதிக்கும் கிழமைக்கும் பொருந்தவில்லை என்றால்கூடப் போன் போட்டுச் சொல்லிவிடுவார். பேனா கையில் இருந்தது.

“சரியா இருக்கா சார்?”

“சரியா இருக்கு,” என்றார் மதிவாணன்.

கடைசி வரிக்குக் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதி, தேதி போட்டு, முழுக் கையெழுத்தும் போட்டார். தாளைத் திருப்பி அரசியம்மாவிடம் நீட்டினார். அரசியம்மா வாங்கவில்லை.

“எனக்கு எதுக்கு சார், நீங்களே வச்சுக்குங்க,” என்றார். “ஆறு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் ஏழேகாலுக்குத்தான்.”

அவர் போன பிறகும் மதிவாணன் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பஸ் கிளம்புகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவருக்கு அழுகை வந்தது. அறிக்கை நனைந்துவிடாமல் அதை மேஜையின் அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு அழுதார்.